ராம்ஸ்டைனின் ‘ட்ஸைட்’: கனம் குறைந்துவிட்டதா?

கேள்வி:
ஜெர்மானிய மெட்டல் இசைக்குழுவான ராம்ஸ்டைனை 2001இல் வந்த ‘முட்டர்’ ஆல்பத்தின் வழியாக அறிந்து, அன்று முதல் விடாமல் கேட்டுவருகிறேன். 2022 ஏப்ரல் 29 அன்று வெளியான எட்டாவது ஆல்பமான ‘ட்ஸைட்’டில் கிட்டார்களின் முழக்கம் பின்னுக்குச் சென்று, பியானோவும் சின்தசைசரும் முன்னே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. இது தயாரிப்பாளர் மாறியதன் விளைவா, அல்லது குழுவே விரும்பித் தேர்ந்துகொண்ட பாதையா?

முதல் பதில்:
தயாரிப்பாளரை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. 1995 முதல் 2009 வரையிலான ஆறு ஆல்பங்களில் யாக்கோப் ஹெல்னர் தயாரிப்பாளராகப் பணியாற்றினார் என்பதும், 2019 ஆல்பத்திலிருந்து ஓல்சன் இன்வோல்டினி அந்தப் பொறுப்புக்கு வந்தார் என்பதும் உண்மையே. ஆனால் அதே இன்வோல்டினியின் கையில்தான் 2019இன் ‘டாய்ச்லாண்ட்’ பாடல் அத்தனை வேகத்துடன் உருவானது. சூழ்நிலையைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டின் ஸ்டேடியம் சுற்றுப்பயணம் தள்ளிப்போக, அந்த இடைவெளியில் எழுதப்பட்டவை இப்பாடல்கள். முந்தைய ஆல்பத்துக்குப் பத்தாண்டுகள் காக்கவைத்தவர்கள், இதை மூன்றே ஆண்டுகளில் தந்தார்கள். மேடையும் கூட்டமும் இல்லாத நாள்களில், முதுமையையும் மரணத்தையும் பற்றி எழுதியவர்களின் இசை நிதானப்பட்டது இயல்பே.

இரண்டாம் பதில்:
கனம் குறையவில்லை, அது வந்துசேரும் இடம்தான் மாறியிருக்கிறது என்பேன். தலைப்புப் பாடலையே கவனியுங்கள்: பியானோவும் பாடகர் டில் லிண்டமனின் தாழ்ந்த குரலும் மட்டும் தொடக்கத்தில் நிற்க, கிட்டார்கள் காத்திருந்து பிறகே நுழைவதால், நுழையும்போது அவற்றின் எடை கூடுதலாக உணரப்படுகிறது. கிட்டார் கலைஞர்கள் ரிஹர்ட் குருஸ்பேயும் பால் லாண்டர்ஸும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் இசைத்துணுக்கை) இறுக்கமாகச் சேர்ந்து வாசிக்கும் பழைய முறையை விரும்புவோருக்கு இதே ஆல்பத்தில் ‘ஆங்ஸ்ட்’ பாடல் இருக்கிறது. அதை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்குங்கள், நண்பரே.

மூன்றாம் பதில்:
மேலே உள்ளவருடன் பாதி உடன்படுகிறேன். ‘லூகன்’ பாடலில் குரலின் மீது ஆட்டோடியூன் (குரலின் சுருதியை மாற்றும் மென்பொருள்) பூசியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. லிண்டமனின் குரலுக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. ஆனால் இறுதிப் பாடலான ‘அடியூ’வைக் கேட்டவர்கள், குழு கலைந்துவிடும் என்று அஞ்சியதில் வியப்பில்லை, அந்தக் கோரஸில் பிரிவின் வலி அப்படியே இருக்கிறது. 1994இல் பெர்லினில் தொடங்கிய ஆறு பேரும் ஒருவர்கூட மாறாமல் சேர்ந்து வாசித்த ஆல்பம் இது என்பதும் அந்த வலியைக் கூட்டுகிறது.

கேள்வி கேட்டவர்:
பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ‘ஆங்ஸ்ட்’ குறித்துச் சொன்னது சரியே. அதன் ரிஃபில் ‘முட்டர்’ காலத்து இறுக்கம் இருக்கிறது. இருப்பினும், ஆல்பத்தின் நடுப்பகுதியில் அத்தகைய பாடல் இன்னொன்று சேர்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை.