மூணு நாடு, ஒரு விபிஎன்: சந்தா கட்டுறதா, ஊர் வீட்டு ஃபைபர் போதுமா?

கண்டனூர் மேலவீதி:
குடும்பத்துல மூணு பேர் வெளியில இருக்காக. ஒருத்தர் துபாய், ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் சீனாவுல ஷென்சென். துபாய்க்காரருக்கு வாட்ஸ்அப் கால் வேணும். சிங்கப்பூர்க்காரருக்குப் பட்டா, வில்லங்கம் பார்க்குற தளங்களும் பேங்க் தளமும் வேணும். அங்கேருந்து போட்டா பாதி நாள் சுத்திக்கிட்டே நிக்குது. ஷென்சென்ல வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப். ஊர்ல அப்பச்சியும் ஆத்தாவும் இருக்காக, 100 எம்பி ஃபைபர் ஓடுது. ரெண்டு வருஷ விபிஎன் சந்தா (நம்ம இணையப் போக்குவரத்தை வேற இடத்து சர்வர் வழியாத் திருப்பி விடுற சேவை) ஒண்ணு வாங்கி மூணு பேருக்கும் கொடுத்துடலாமா? எந்தக் கம்பெனி?

பள்ளத்தூர் பேண்ட்வித்:
தாராளமா. பெரிய கம்பெனிகள்ல ஒரே கணக்குல பல கருவி ஓடும், மூணு பேருக்குத் தாங்கும். இந்திய ஐபி (இணையத்துல நம்ம இணைப்போட முகவரி எண்; அதை வச்சுத்தான் நாடு தெரியும்) கொடுக்குறாங்களான்னும், விபிஎன் போக்குவரத்தைச் சாதாரண வெப் போக்குவரத்து மாதிரி மறைச்சுக் காட்டுற வசதி இருக்கான்னும் பாருங்க. முதல்ல ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டி மூணு ஊர்லயும் ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் வருஷக் கணக்குக்குப் போங்க. இலவசம் பக்கம் போகவே வேண்டாம். ஹோலாங்கிற இலவச விபிஎன் 2015-ல மாட்டுனது ஞாபகம் இருக்கும்: இலவசமா ஓட்டுனவங்க இணைப்பையே அடுத்தவன் வெளியேறுற வழியா வித்துக்கிட்டு இருந்தாங்க. புரோட்டான் விபிஎன்னோட இலவசத் திட்டம் நாணயமானதுதான், ஆனா நாட்டை நாமளே தேர்ந்தெடுக்க முடியாது. இந்திய ஐபி தேவைப்படுறவருக்கு அதால பிரயோஜனம் இல்ல.

தேவகோட்டை வயர்மேன்:
அண்ணே, மூணு பேருக்கும் பூட்டு ஒரே பக்கத்துல தொங்கல. துபாய்லயும் ஷென்சென்லயும் அந்த ஊர்க்காரன் பூட்டியிருக்கான். சிங்கப்பூர்க்காரருக்குப் பூட்டு இந்தியாவுல இருக்கு: தளமே வர்ற ஐபியைப் பார்த்து, வெளிநாடுன்னா விட மாட்டேங்குது. இதுக்குச் சந்தா எதுக்கு? ஊர்ல ஓடுற ஃபைபரை வழியாக்குங்க.

இந்திய ஐபின்னு கம்பெனிகள் சொல்றது என்னன்னு தெரிஞ்சுக்குங்க. 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் (இந்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு போட்டுது: விபிஎன் நடத்துறவங்க வாடிக்கையாளர் பேர், முகவரி, கொடுத்த ஐபி எல்லாத்தையும் அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்னு. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவுல இருந்த சர்வரைத் தூக்கிட்டாங்க. செப்டம்பர் 25-ல உத்தரவு அமலுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க பட்டியல்ல இருக்குற 'இந்தியா' பெரும்பாலும் மெய்நிகர் இந்தியா. பெட்டி சிங்கப்பூர்லயோ லண்டன்லயோ இருக்கும், ஐபி மட்டும் இந்தியான்னு பதிஞ்சிருக்கும். சிங்கப்பூர்ல உக்காந்துகிட்டு சிங்கப்பூர்ப் பெட்டிக்கே காசு கட்டி இந்தியாக்காரனா வேஷம் போடுறது.

பள்ளத்தூர் பேண்ட்வித்:
வேஷம் பலிக்குதா இல்லையாங்கிறதுதானே கேள்வி? தளத்து ஃபயர்வால் பெட்டி எங்கே இருக்குன்னு பார்க்கிறதில்ல, ஐபி எந்த நாட்டுப் பேர்ல பதிவாகியிருக்குன்னுதான் பார்க்குது. பதிவுல இந்தியான்னு இருந்தா வில்லங்கத் தளத்துக்கு அது போதும்.

தேவகோட்டை வயர்மேன்:
நாட்டை மட்டும் பார்க்குற தளத்துக்குப் போதும், ஒத்துக்கிறேன். பேங்க்கும் ஓடிடியும் இன்னொண்ணும் பார்க்கும்: இந்த ஐபி வீட்டு இணைப்புக்கானதா, டேட்டா சென்டருக்கானதா? ஒரே ஐபியில ஆயிரம் பேர் நுழைஞ்சா சந்தேகக் கணக்குல சேர்ந்துடும். வீட்டு ஃபைபர் ஐபிக்கு அந்தத் தொல்லை இல்ல.

பெட்டி பெரிசா ஒண்ணும் வேண்டாம். ராஸ்பெர்ரி பை 4-ங்கிற கையளவு கம்ப்யூட்டர் போதும். சுமார் 5 வாட் இழுக்கும், மாசம் நாலு யூனிட்டுக்குள்ள அடங்கும். அதுல டெயில்ஸ்கேல் (நம்ம கருவிகளை மட்டும் விபிஎன்னா இணைக்கிற மென்பொருள்) போட்டு, லினக்ஸ்ல ஐபி ஃபார்வர்டிங்கை (அடுத்த கருவியோட போக்குவரத்தைக் கடத்தி விடுற வசதி) ஐபிவி4, ஐபிவி6-னு ரெண்டு முகவரி முறைக்கும் திறந்து, எக்ஸிட் நோடா (இணையத்துக்கு வெளியேறுற வாசலா) அறிவிக்கணும். ஃபார்வர்டிங் மறந்தா 'இணைந்தது'ன்னு பச்சை காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. அறிவிச்சதோட முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. நிர்வாகப் பக்கத்துல அந்தக் கருவியோட ரூட் அமைப்புக்குள்ள போய் 'எக்ஸிட் நோடாகப் பயன்படுத்து'ன்னு அனுமதியும் கொடுக்கணும். அப்புறம் சிங்கப்பூர் போன்ல ஆப்பைப் போட்டு, எக்ஸிட் நோட் பட்டியல்ல ஊர்ப் பெட்டியைத் தொட்டா ஐபி இந்தியாவுக்கு வந்துடும்.

ராயவரம் ரவுட்டர்:
நேரா வயர்கார்டுங்கிற விபிஎன் முறையையே போடலாமே? எதுக்கு நடுவுல டெயில்ஸ்கேல்?

தேவகோட்டை வயர்மேன்:
சிஜிநாட். ரவுட்டரோட அமைப்புப் பக்கத்தைத் திறந்து வான் ஐபி (வெளிப்பக்க ஐபி) எதுன்னு பாருங்க. 100.64-லேருந்து 100.127 வரைக்கும் உள்ள எண்ணா இருந்தா அது பொது ஐபி இல்ல, கம்பெனி உங்களையும் இன்னும் பல வீட்டையும் ஒரே பொது ஐபிக்குப் பின்னாடி அடைச்சிருக்கு. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலேருந்து வர்ற இணைப்பை உள்ளே திருப்புற அமைப்பு) எவ்வளவு போட்டாலும் வெளியிலேருந்து கதவு தெரியாது. ஒண்ணு காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது ஐபி) வாங்கணும், இல்லேன்னா ரெண்டு பக்கமும் உள்ளேருந்து வெளியில வந்து சந்திக்கிற டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ணு வேணும். நேரடிச் சந்திப்பு அமையலேன்னா அது டெர்ப்னு சொல்ற ரிலே (நடுவுல கைமாத்தி விடுற சர்வர்) வழியாப் போகும், வேகம் சட்டுனு விழுந்துடும். 'டெயில்ஸ்கேல் பிங்'ங்கிற கட்டளையைப் போட்டா 'வயா டெர்ப்'னு காட்டும்; அப்ப பிரச்சனை பெட்டியில இல்ல, பாதையில.

பள்ளத்தூர் பேண்ட்வித்:
வயர்மேன் அண்ணனுக்கு நம்ம ஊர் வீடு மறந்து போச்சு. அப்பச்சியும் ஆத்தாவும் ஒரு வாரம் சென்னைக்குப் போனாலே மெயின் சுவிட்சை இறக்கிட்டுத்தான் கதவைப் பூட்டுவாக. ஐப்பசியில இடி விழுந்தா அடுத்த ஆளே வந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டுடுவாரு. சிங்கப்பூர்க்காரர் பத்திரப் பதிவுக்கு முதல் நாள் ராத்திரி வில்லங்கம் எடுக்க உக்காருவாரு, பெட்டி செத்துக் கிடக்கும். யார் போய் எழுப்புறது? சந்தா கட்டுனா இந்தச் சர்வர் இல்லேன்னா அடுத்த சர்வர்.

வேகமும் யோசிங்க. சிங்கப்பூர்க்காரருக்கு டவுன்லோடா வர்றது ஊர் வீட்டோட அப்லோடு. 100 எம்பி திட்டம்னாலும் அப்லோடு 20-ன்னு இருந்தா, அந்த 20-க்கு மேல போகாது.

தேவகோட்டை வயர்மேன்:
மெயின் சுவிட்ச் நியாயமான பாயிண்ட். மீட்டருக்கு அடுத்து ஃபைபர் பெட்டிக்கும் பைக்கும் மட்டும் தனி எம்சிபி (பிரேக்கர் சுவிட்ச்) போடச் சொல்லிட்டு, மத்த வீட்டை இறக்கட்டும். எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பவர் கட்டுக்கு மினி யூபிஎஸ். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க: ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட், பை 5 வோல்ட். 12 வோல்ட் மட்டும் தர்ற யூபிஎஸ் வாங்குனா நெட் உயிரோட இருக்கும், பை படுத்துடும். 5 வோல்ட் 3 ஆம்ப் அவுட்டும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. அடிக்கடி மின்சாரம் போனா எஸ்டி கார்டுதான் முதல்ல கெடும். பையோட அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கிட்டா கார்டுல எழுதுறது நின்னுடும். ஆனா அதை எல்லா அமைப்பும் முடிஞ்ச பிறகு கடைசியாப் பண்ணணும். முன்னாடியே பண்ணுனா ரீபூட்டுல பண்ணுனதெல்லாம் காணாமப் போயிடும்.

இன்னொண்ணு: பெட்டியை ஃபைபர் பெட்டி பக்கத்துலயே வச்சு லேன் வயர்ல கொடுங்க. முகப்புல ரவுட்டர் இருக்க, வளவுல வைஃபையில ஓட்டலாம்னு நினைக்காதீங்க. நம்ம வீட்டுச் சுவர் கனத்துக்குச் சிக்னல் ரெண்டாம் கட்டு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும்.

கோட்டையூர் ஆச்சி:
தம்பிகளா, சிங்கப்பூரைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீக. துபாய்க்காரருக்கு யாராவது சட்டத்தைச் சொன்னீகளா? அமீரகத்தோட 2021-ம் வருஷத்து 34-ம் எண் இணையக் குற்றச் சட்டம், பிரிவு 10. குற்றம் செய்யவோ, செஞ்சதை மறைக்கவோ ஐபியை மாத்துனா சிறை, இல்லேன்னா 5 லட்சம் திர்ஹத்துலேருந்து 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 5 லட்சம் திர்ஹமே ஒரு கோடி ரூபாய்க்கு மேல. ஆத்தாகிட்ட வீடியோவுல பேசுறதுக்கு அந்த ஆபத்து எதுக்கு? அங்கே ஓடுற கால் ஆப் போட்டிம் இருக்கு, ஜூம், டீம்ஸ் இருக்கு. ஊர்ல ஆத்தா போன்ல போட்டிம் ஏத்திக் கொடுத்தா அஞ்சு நிமிஷ வேலை.

பள்ளத்தூர் பேண்ட்வித்:
ஆச்சி, விபிஎன் வச்சிருக்கிறதே குற்றம்னு சட்டம் சொல்லல. கம்பெனி, பேங்க் எல்லாம் விபிஎன் பயன்படுத்தத் தடை இல்லேன்னு அவங்க தொலைத்தொடர்பு ஆணையமே 2016-ல விளக்கம் கொடுத்துச்சு. குற்றம் செய்யுற நோக்கம் இருந்தாத்தான் பிரிவு 10.

கோட்டையூர் ஆச்சி:
அதேதான் நானும் சொல்றேன். ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் விபிஎன் போட்டா யாரும் கேட்கப் போறதில்ல. இவர் போடப் போறது அந்த நாட்டுல தடுத்து வச்சிருக்கிற இணையக் காலுக்கு. உரிமம் இல்லாத வாய்ப் (இணையவழிக் கால்) சேவை அவங்க தடைப் பட்டியல்லயே இருக்கு. அதுக்காகவே ஐபியை மாத்துறது நோக்கத்துல சேருமா சேராதான்னு கோர்ட்ல நின்னு வாதாடணுமா? வேலை விசாவுல இருக்குறவருக்கு வழக்கு வந்தாலே பாதி தண்டனை. இந்தியத் தளம் பார்க்க வீட்டுப் பெட்டி வேணும்னா அது வேற கணக்கு, காலுக்கு வேண்டாம்.

பள்ளத்தூர் பேண்ட்வித்:
காலுக்குப் போட்டிம், ஒத்துக்கிறேன். துபாயைக் கணக்குலேருந்து எடுத்துடுவோம். ஷென்சென்னுக்கு வீட்டுப் பெட்டி ஓடாதுன்னு வயர்மேன் அண்ணன் இன்னும் வாயைத் திறக்கலையே?

தேவகோட்டை வயர்மேன்:
ஓடாது. வயர்கார்டுக்கு மறைஞ்சு போகத் தெரியாது. முதல் கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்குற பாக்கெட்) எப்பவும் 148 பைட், பதில் 92 பைட். முதல் பைட் 1, அடுத்த மூணும் பூஜ்யம். வாசல்ல நிக்கிறவன் அடையாளம் கண்டுபிடிக்க இதுக்கு மேல என்ன வேணும்? டெயில்ஸ்கேலும் உள்ளுக்குள்ள வயர்கார்டுதான். ஓபன்விபிஎன்ங்கிற இன்னொரு முறையும் அப்படித்தான், ஆரம்பப் பாக்கெட்டுலயே காட்டிக் கொடுத்துடும். அதுக்காக உங்க சந்தா ஓடும்னும் சொல்லிடாதீங்க. 2021 நவம்பர்ல சீனத் தடுப்புச்சுவர் (அரசோட இணைய வடிகட்டி), என்னன்னே புரியாத முழுக் குறியாக்கப் போக்குவரத்தையும் சந்தேகப்பட்டு வெட்ட ஆரம்பிச்சுது. மறைக்கிற வசதி இந்த மாசம் ஓடும், அடுத்த மாசம் படுக்கும்.

ஷென்சென்னுக்கு என் பதில் ரோமிங் சிம். சிங்கப்பூர் அல்லது ஹாங்காங் சிம், இல்லேன்னா இசிம் (அட்டை இல்லாம போனுக்குள்ளயே பதியுற சிம்). ரோமிங்ல டேட்டா சொந்தக் கம்பெனியோட கேட்வே வரைக்கும் சுரங்கமாப் போய்த்தான் இணையத்துல இறங்கும். ஐபியும் அந்த நாட்டுது. விபிஎன்னே இல்லாம வாட்ஸ்அப் ஓடும்.

பள்ளத்தூர் பேண்ட்வித்:
குடியிருக்கிறவருக்கு ரோமிங் டேட்டா கட்டுப்படியாகுமா? யூடியூப் ஒரு மணி நேரம் பார்த்தாலே ஒரு ஜிபி போயிடும். வாட்ஸ்அப், ஜிமெயிலுக்கு இசிம், வீட்டு வைஃபையில வீடியோவுக்குச் சந்தா. ரெண்டையும் கையில வச்சிருக்கிறதுதான் அங்கே வழக்கம்.

தேவகோட்டை வயர்மேன்:
அப்ப எல்லாம் முன்கூட்டியே. 2017-லேருந்து சீன ஆப் ஸ்டோர்ல விபிஎன் ஆப்கள் கிடையாது, கம்பெனிகளோட தளமும் திறக்காது. ஊர்லயே ஆப்பை இறக்கி, லாகின் போட்டு, ஒரு தடவை இணைச்சுப் பார்த்துட்டுப் போகணும். இசிம்மும் கிளம்புறதுக்கு முன்னாடியே போனுக்குள்ள இருக்கணும்.

கோட்டையூர் ஆச்சி:
சீனாவுலயும் சட்டம் இருக்கு. அரசு அனுமதிச்ச வழியில்லாம வெளிநாட்டு இணைப்பு போட்டா 15,000 யுவான் வரை அபராதம். ரோமிங்குக்கு அந்தச் சங்கடம் இல்ல.

ராயவரம் ரவுட்டர்:
வீட்டுப் பெட்டிக்கே வர்றேன். ஸ்டாட்டிக் ஐபி வாங்கி நேரடி வயர்கார்டு போட்டிருக்குற இடத்துல ஒரு விசித்திரம்: வாட்ஸ்அப் எழுத்து போகுது, படம் போகல. கூகுள் திறக்குது, பேங்க் பக்கம் பாதியில நிக்குது. எங்கே கோளாறு?

தேவகோட்டை வயர்மேன்:
எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ (பேரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையுற முறை) இணைப்புல பாக்கெட் அளவு 1500 இல்ல, 1492. வயர்கார்டு ஐபிவி4 மேல போனா 60 பைட் தின்னும், ஐபிவி6 மேல போனா 80. 1492-ல 80 போனா 1412. வயர்கார்டோட இயல்பு அளவு 1420. எட்டு பைட் இடிக்குது. சின்னப் பாக்கெட் நுழையும், பெரிசு தொலையும். எம்டியுவை 1280-க்கு இறக்குங்க, ஒண்ணும் குடி மூழ்காது. டெயில்ஸ்கேல் ஏற்கெனவே 1280-லதான் இருக்கு. கூடவே பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 வினாடின்னு போடுங்க, இல்லேன்னா சும்மா இருக்குற நேரத்துல வழி மூடிக்கும்.

பள்ளத்தூர் பேண்ட்வித்:
எந்த வழியில போனாலும் ஒரு சோதனை: இணைச்ச பிறகு ஐபி பார்க்குற தளத்துல ஐபிவி4, ஐபிவி6 ரெண்டும் இந்தியாவான்னு பாருங்க. சிங்கப்பூர் இணைப்பு ஐபிவி6 கொடுக்குது, விபிஎன் ஐபிவி4-ஐ மட்டும் சுமக்குதுன்னா, தளம் ஐபிவி6 வழியா உங்க உண்மையான இடத்தைப் பார்த்துடும். ஆண்ட்ராய்டுல விபிஎன் அமைப்புல பல்சக்கரத்தைத் தொட்டு 'எப்போதும் இயங்கும்', 'விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு' ரெண்டையும் போடுங்க. முன்னாடி மறுத்த தளத்தை இன்காக்னிட்டோவுல திறங்க.

கண்டனூர் மேலவீதி:
பேங்க் ஓடிபியும் இதோட வந்துடுமா?

ராயவரம் ரவுட்டர்:
வராது. ஓடிபி சிம்முக்கு வர்றது. இந்திய சிம்மை ரோமிங்ல உயிரோட வச்சிருக்கணும். யுபிஐ-க்குச் சிங்கப்பூர் எண்ணையே என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கான) கணக்கோட சேர்க்க 2023 ஜனவரியில யுபிஐயை நடத்துற என்பிசிஐ வழி விட்டிருக்கு, துபாய்க்கும் உண்டு. முதல் பட்டியல்ல 10 நாடு.

கோட்டையூர் ஆச்சி:
அப்பச்சி பேர்ல இருக்கிற இணைப்புங்கிறதை மறந்துடாதீக. அந்த வழியா எவன் என்ன பண்ணுனாலும் ஐபி அப்பச்சியோடது, விசாரணை வந்தா கண்டனூர் வாசல்லதான் வந்து நிக்கும். பங்காளி வீட்டுப் பிள்ளை கேட்டான், கூட்டாளி கேட்டான்னு அனுமதி கொடுக்கக் கூடாது. இந்தியாவுல தடை செஞ்ச தளமும் அந்த வழியில திறக்காது. டிக்டாக் வேணும்னா அவர் சிங்கப்பூர் நெட்டுலயே பார்த்துக்கட்டும்.

கண்டனூர் மேலவீதி:
சரி. சிங்கப்பூர்க்காரருக்கு வீட்டுப் பெட்டி, பெட்டி படுத்தா ஒரு மாசச் சந்தா. துபாய்க்குப் போட்டிம். ஷென்சென்னுக்கு ஹாங்காங் இசிம், வீடியோவுக்குச் சந்தாவை மாசாமாசம் பார்த்துக் கட்டுறோம். பை வாங்கியாச்சு, எலெக்ட்ரீஷியன் திங்கட்கிழமை எம்சிபி போட வர்றாரு.

தேவகோட்டை வயர்மேன்:
டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்துல அந்தப் பைக்கு மட்டும் சாவி காலாவதியை (கருவியோட லாகின் கெடுவை) அணைச்சுடுங்க. விட்டுட்டா 180 நாள்ல பெட்டி தானா வெளியேறிடும், அப்புறம் அப்பச்சியை டெர்மினல்ல உக்கார வைக்கணும்.