குறியீடுகள் எல்லாம் மனப்பாடம். சாலையில் மட்டும் பொருள் பிடிபடுவதில்லை

கேள்வி
எழுதியவர்: புதுப் பழகுநர்

அனைவருக்கும் வணக்கம். கார் ஓட்டப் பழகத் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. பழகுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் சாலைக் குறியீடுகள் பற்றிய கேள்விகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. அட்டையின் ஒரு பக்கத்தில் படம், மறுபக்கத்தில் பொருள் என்று எழுதிவைத்து, தூங்கப் போகுமுன் நாள்தோறும் புரட்டிப் பார்த்தே படித்தேன். அப்படிப் படித்தவை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கைகொடுக்க மறுக்கின்றன.

கடந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சந்திப்புக்கு முன் நீல நிறத்தில், மேல்நோக்கிய வெள்ளை அம்புக்குறியுடன் ஒரு பலகை இருந்தது. ஒருவழிப்பாதை தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, நான் செல்ல வேண்டிய பக்கத் தெருவுக்குள் திரும்ப முயன்றேன். பயிற்றுநர் தம் பக்கத்து பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினார். அதே நாளில் சிவப்பு வளையத்துக்குள் மிதிவண்டி வரைந்த பலகையைப் பார்த்து, மிதிவண்டிகள் நிறைய வரும் இடம் போலும் என்று வேகத்தைக் குறைத்தேன். அதுவும் தவறு என்றார். இவற்றைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஒரு சந்திப்பைக் கடந்த பிறகு, அங்கே என்ன குறியீடு இருந்தது என்று பயிற்றுநர் கேட்டால், பலகை இருந்ததா இல்லையா என்பதே எனக்கு நினைவில் இருப்பதில்லை.

நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு, ஓடும் வண்டியில் இருந்தபடி ஒவ்வொன்றையும் தேடிப் பொருத்த எப்படித்தான் முடிகிறது? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற பயிற்றுநர்

வணக்கம் அம்மா. பல ஆண்டுகள் ஓட்டுநர் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு நினைவாற்றலில் குறையில்லை; படித்த வரிசைதான் தலைகீழாகிவிட்டது. நீங்கள் படத்திலிருந்து தொடங்குகிறீர்கள். சாலையில் படம் கடைசியாகத்தான் கண்ணுக்குத் தெளியும். தொலைவில் வரும்போது முதலில் தெரிவது பலகையின் வடிவம், அடுத்து நிறம், அருகே வந்த பிறகே உள்ளே இருக்கும் படம். குறியீடுகளை வகுத்தவர்களும் இந்த வரிசையை நம்பித்தான் வகுத்திருக்கிறார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட மிதிவண்டியையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்துக்குள் மிதிவண்டி இருந்தால், மிதிவண்டிகள் குறுக்கிடக்கூடும், கவனமாக வாருங்கள் என்ற எச்சரிக்கை. சிவப்பு வளையமிட்ட வட்டத்துக்குள் அதே மிதிவண்டி இருந்தால், மிதிவண்டிகள் இதற்குமேல் செல்லக் கூடாது என்ற தடை. நீல வட்டத்துக்குள் வெள்ளை நிறத்தில் இருந்தால், அது மிதிவண்டிக்கென்று விதிக்கப்பட்ட பாதை. உங்கள் கார் அதில் ஏறக் கூடாது. செவ்வகத்துக்குள் இருந்தால் மிதிவண்டியில் செல்வோருக்கு ஏதோ ஒரு தகவல். படம் ஒன்றுதான், சொல்லப்படும் செய்தி நான்கு. அட்டையில் மிதிவண்டி என்று மனப்பாடம் செய்தவருக்கு இந்த நான்கும் ஒன்றோடொன்று கலந்துபோவது இயல்பு. முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் கட்டளையிடும், செவ்வகம் தகவல் தரும் என்ற மூன்றையும் உறுதியாகப் பிடித்துக்கொண்டவருக்கு, முன்பின் பார்த்திராத படம் எதிரே வந்தாலும் பாதிப் பொருள் விளங்கிவிடும்.

நீல அம்புக்குறியில் ஏற்பட்ட குழப்பமும் இதே வகைதான். நீலச் செவ்வகத்தில் வெள்ளை அம்பு இருந்தால் அது ஒருவழிப்பாதை என்ற தகவல். நீல வட்டத்தில் அதே அம்பு இருந்தால் நேராக மட்டுமே செல்ல வேண்டும் என்ற கட்டளை. நீங்கள் பார்த்தது வட்டமாகத்தான் இருந்திருக்கும். பயிற்றுநர் பிரேக்கை அழுத்தியதற்கு வேறு காரணம் இருக்க முடியாது. வட்டங்களுக்குள் நிறம் வேலையைப் பிரித்துக்கொள்கிறது. சிவப்பு வளையம் ‘செய்யாதே’ என்கிறது, நீலம் ‘இப்படித்தான் செய்’ என்கிறது. சிவப்பு வளையத்துக்குள் 50 என்றிருந்தால் அது மணிக்கு 50 கிலோமீட்டர் என்ற உச்ச வேகம். நீல வட்டத்துக்குள் 30 என்றிருந்தால் அதற்குக் குறையாமல் செல்ல வேண்டும் என்ற குறைந்தபட்ச வேகம். எண்ணை மட்டும் படிப்பவர் இங்கேயும் தடுமாறுவார்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1909ஆம் ஆண்டு பாரிஸில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டபோது நான்கே நான்கு ஆபத்துகளுக்குத்தான் பொதுவான படக் குறியீடு இருந்தது: மேடு பள்ளம், வளைவு, குறுக்குச் சாலை, ரயில்வே கடவு. இன்று உலகின் பெரும்பகுதியில் பின்பற்றப்படும் முறை 1968ஆம் ஆண்டு வியன்னாவில் கையெழுத்தான சாலைக் குறியீட்டு உடன்படிக்கையில் வகுக்கப்பட்டது. ஒரு நாட்டின் மொழியைப் படிக்கத் தெரியாத ஓட்டுநரும் அந்நாட்டின் சாலையில் ஆபத்தில்லாமல் செல்ல முடிய வேண்டும் என்ற அக்கறை இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் எல்லா நாடுகளும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் எச்சரிக்கைக்கு மஞ்சள் நிறச் சாய்சதுரம் பயன்படுகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரம், நீங்கள் முன்னுரிமைச் சாலையில் செல்கிறீர்கள் என்று தெரிவிக்கிறது. ஆகவே எந்த நாட்டில் உரிமம் பெறுகிறீர்களோ அந்த நாட்டு அரசு வெளியிட்ட கையேட்டையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

இரண்டு குறியீடுகள் மட்டும் மற்ற எதோடும் சேராத வடிவத்தைப் பெற்றிருக்கின்றன. ‘நில்’ என்பது எண்கோணம். ‘வழி விடு’ என்பது தலைகீழ் முக்கோணம். பலகையின் மீது சேறோ பனியோ படிந்து எழுத்து மறைந்துபோனாலும் வடிவத்தைக் கொண்டே அவற்றை அறியலாம். இன்னொரு பயனும் உண்டு. எதிர்ப்புறமிருந்தோ பக்கத்துச் சாலையிலிருந்தோ வருபவர், அந்தப் பலகையின் முதுகைப் பார்த்தே, நிற்க வேண்டியவர் யார் என்று தெரிந்துகொள்ள முடிகிறது. சந்திப்பை நெருங்கும்போது உங்களுக்குரிய பலகையோடு, குறுக்குச் சாலையில் வருபவருக்குரிய பலகையின் முதுகையும் ஒரு கணம் பாருங்கள். நான் கற்றுக்கொடுத்தவற்றில் மாணவர்களுக்கு மிகவும் உதவியது இதுதான்.


பதில் 2
எழுதியவர்: பக்கத்து இருக்கை

மேலே பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் உரிமம் பெற்று ஓராண்டுதான் ஆகிறது. உங்கள் நிலையில் நானும் இருந்தேன். எனக்கு உதவிய பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் யாராவது வண்டி ஓட்டும்போது அருகில் அமர்ந்து, கண்ணில் படும் ஒவ்வொரு பலகையையும் பார்த்து, அதன் பெயரைச் சொல்லாமல், ஓட்டுநர் செய்ய வேண்டிய செயலைச் சொல்லிப் பழகினேன். ‘வலப்பக்க வளைவு’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘இப்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்கக் கூடாது’ என்று சொல்வேன். இரண்டு மூன்று வாரங்களில் பலகைக்கும் காலுக்கும் நேரடியாக ஒரு தொடர்பு ஏற்பட்டுவிட்டது; இடையில் சொல்லைத் தேடும் வேலை இல்லாமல் போயிற்று.


பதில் 3
எழுதியவர்: நெடுஞ்சாலைப் பயணி

நீங்கள் எழுதியதில் என் மனத்தைத் தைத்தது கடைசிச் செய்திதான்: பலகை இருந்ததா என்பதே நினைவில் இல்லை என்பது. பொருள் தெரியாததால் இப்படி நேர்வதில்லை. கியர், கிளட்ச், பின்னால் வரும் வண்டி என்று எல்லாமே இன்னும் உங்கள் முழுக் கவனத்தையும் கேட்பதால், கண் வண்டியின் முகப்புக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கும் அதிகமாகக் கடந்துவிடுகிறோம். கியரைப் பார்க்க இரண்டு நொடி குனிந்தால் முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறோம். அந்தத் தூரத்தில் ஒரு பலகை நின்றிருந்தால் அது நம் வரையில் இல்லாத பலகைதான். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்பவருக்கு, 150 மீட்டர் முன்னால் இருக்கும் ஆபத்தைச் சொல்லும் பலகை ஏழு நொடிகூட அவகாசம் தருவதில்லை. எனவே பார்வையைத் தொலைவில் வைத்து, சாலையோரங்களின் மீது அடிக்கடி ஓட விடுங்கள். பலகை எதிர்பார்க்கத்தக்க இடங்களும் உண்டு. சந்திப்புக்கு முன், வளைவுக்கு முன், பள்ளிக்கு அருகில், சாலை குறுகும் இடத்தில், ஊர் தொடங்கும் இடத்தில் என்று அவற்றை முன்கூட்டியே தேடினால், கண்ணில் படாமல் போவது அரிது.

குழப்பம் தரும் இணைகள் இன்னும் இரண்டைச் சொல்கிறேன். நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு என்றிருந்தால் வாகனத்தை நிறுத்திவைக்கத் தடை. பெருக்கல் குறிபோல் இரண்டு கோடுகள் இருந்தால் சற்று நேரம் நிற்பதற்கும் தடை; ஆளை இறக்கிவிடுவதற்காகக்கூட அங்கே நிற்கக் கூடாது. அடுத்தது குறுகிய பாலங்களில் வரும் இரட்டை அம்புகள். அதில் சிவப்பு அம்பு எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் செல்பவரே காத்திருக்க வேண்டும். சிவப்பு வளையமிட்ட வட்டத்தில் மேல்நோக்கிய சிவப்பு அம்பு இருந்தால் காத்திருக்க வேண்டியவர் நீங்கள். நீலச் சதுரத்தில் சிவப்பு அம்பு கீழ்நோக்கி இருந்தால் எதிரே வருபவர் காத்திருப்பார். ஆனாலும் அவர் உண்மையிலேயே நின்றுவிட்டார் என்று கண்ணால் கண்ட பிறகே பாலத்தில் ஏறுங்கள்.

பலகைக்குக் கீழே தொங்கும் சிறிய துணைப் பலகையையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆபத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு தூரம் நீடிக்கும், கட்டளை எந்த நேரத்துக்கு உரியது, எந்த வகை வண்டிக்கு உரியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கனரக வாகனத்துக்கு மட்டும் விதித்த தடையைப் பார்த்துக் கார் ஓட்டுபவர் திடீரென்று நின்றுவிடுவதும், காலை நேரத்துக்கு மட்டும் உரிய தடையை எப்போதைக்கும் என்று நினைப்பதும் அதைப் படிக்காததால் வருபவை. பின்னால் வருபவருக்கு அந்தத் திடீர் நிறுத்தம் பெரிய ஆபத்து.


மறுமொழி
எழுதியவர்: புதுப் பழகுநர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் அட்டைகளை மீண்டும் எடுத்து, படங்களின்படி இல்லாமல் வடிவங்களின்படி பிரித்து அடுக்கினேன். முக்கோணங்கள் ஒரு கட்டாகவும் வட்டங்கள் இரண்டு கட்டாகவும் பிரிந்த உடனே, தனித்தனியாகத் தெரிந்தவை எல்லாம் ஒரு குடும்பம்போல் தெரியத் தொடங்கின. அண்ணனின் வண்டியில் பக்கத்து இருக்கைப் பயிற்சியையும் தொடங்கிவிட்டேன். முதல் நாள் அரை மணி நேரத்தில் ஐந்து பலகைகளைத் தவறவிட்டேன், நேற்று ஒன்றைத்தான் தவறவிட்டேன். அதுவும் மரக்கிளைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த தலைகீழ் முக்கோணம்; அண்ணன் காட்டிய பிறகு அதன் கீழ்முனை மட்டும் தெரிந்தது.

ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. நாங்கள் கடந்த ஒரு சந்திப்பில் சிக்னல் விளக்கும் இருந்தது, அதே கம்பத்துக்கு அருகில் ‘வழி விடு’ பலகையும் இருந்தது. விளக்கு பச்சையாக இருந்ததால் அண்ணன் நிற்காமல் சென்றார். விளக்கும் பலகையும் வேறு வேறாகச் சொன்னால் எதைக் கேட்பது?


பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற பயிற்றுநர்

உங்கள் அண்ணன் செய்தது சரிதான். முன்னுரிமை பற்றிச் சொல்லும் பலகையைவிடச் சிக்னல் விளக்கு மேலானது. விளக்கு இயங்கிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் விளக்கையே கேட்க வேண்டும். போக்குவரத்துக் காவலர் சந்திப்பில் நின்று கை காட்டினால் விளக்கும் அவருக்குக் கீழ்தான். சிவப்பு எரிந்தாலும் அவர் வரச் சொன்னால் செல்ல வேண்டும், பச்சை எரிந்தாலும் அவர் தடுத்தால் நிற்க வேண்டும். பலகை எதுவுமே இல்லாத இடத்தில் அந்த நாட்டின் பொது விதி, அதாவது எந்தப் பக்கத்திலிருந்து வருபவருக்கு முதல் உரிமை என்ற விதி, நடைமுறைக்கு வரும்.

அப்படியானால் விளக்கு உள்ள இடத்தில் அந்தப் பலகை எதற்கு என்ற கேள்வி வரும். மின்சாரம் போய் விளக்கு அணைந்திருக்கும் நேரத்துக்கும், இரவில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும் நேரத்துக்கும்தான் அது அங்கே இருக்கிறது. அடுத்த முறை அந்தச் சந்திப்பைக் கடக்கும்போது விளக்கு அணைந்திருந்தால், உங்கள் பக்கத்தில் தலைகீழ் முக்கோணம் இருப்பதால் வழி விட வேண்டியவர் நீங்கள்தான்.