பாரிஸில் பழைய காரும் சேன் நதிப் படகும்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் என் பெற்றோருடன் மூன்று நாள்கள் பாரிஸில் தங்கவிருக்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் நகரை நடந்து சுற்றிப் பார்க்க இயலாது. ஆகவே, ஓட்டுநருடன் வாடகைக்குக் கிடைக்கும் பழைய சித்ரோயன் டூ சிவி காரில் ஒரு முற்பகலும், சேன் நதிப் படகில் ஒரு மாலையும் செலவிடலாம் என்று எண்ணியுள்ளேன்.

1948இல் அறிமுகமாகி 1990 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் காரின் துணிக்கூரையைப் பின்னால் சுருட்டிவிட்டால் தலைக்குமேல் வானம் தெரியும். இளமையில் கார் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவோ, டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அதன் கியர் கம்பியை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பலமுறை சொல்லிவிட்டார். அந்த ஆசையை நிறைவேற்றியே ஆக வேண்டும்.

என் கவலையெல்லாம் இருக்கையைப் பற்றியதுதான். முழங்காலை அதிகம் மடக்க முடியாத ஒருவர் பின்னிருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா, அல்லது அம்மாவை முன்னால் அமர்த்துவது நல்லதா?

1607இல் கட்டி முடிக்கப்பட்ட பாண்ட் நெஃப் பாலத்தின் கல்முகங்களை வெளிச்சத்திலும், இருட்டியபின் மணிக்கொரு முறை மின்னும் ஐஃபெல் கோபுரத்தைப் படகிலிருந்தும் பார்க்க விரும்புகிறோம். அதற்கு எந்த நேரப் படகு பொருந்தும்? படிகள் இல்லாமல் சாய்தளம் வழியாக ஏறக்கூடிய படகுத்துறை எது? நதியில் நீர்மட்டம் உயர்ந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், முன்பதிவுப் பணம் திரும்பக் கிடைத்ததா என்பதையும் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.