எட்டயபுரம் படையில் இருந்த முன்னோரைத் தேடுகிறேன்

கேள்வி: எங்கள் பூட்டனாருக்கும் முந்தைய ஒருவர் 1801-இல் எட்டயபுரம் பாளையப் படையில் சேர்ந்து, கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) பக்கமாகப் பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிரே நின்றார் என்பது வீட்டுப் பேச்சு. பிடி தேய்ந்த வாளும் ஓர் ஓலையும் தவிர வேறு சான்றில்லை. எங்கே தேடலாம்?

பதில்: அண்ணாச்சி, கும்பினிப் படைப் பட்டியலில் மட்டும் தேட வேண்டாம். பாளையக்காரரின் வீரர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்குப் பதிலாக மானிய நிலம் பெற்றதால், அவர்கள் பெயர் நிலக்கணக்கில் தங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். மானிய நிலங்களின் உரிமையை விசாரிக்க 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஊர்ப்பெயர் சொல்லிக் கேளுங்கள். மானியம் பெற்றவர், கொடுத்த காரணம் இரண்டும் அவற்றில் இருக்கும்.

பதில்: ஓலையைத் தண்ணீரால் துடைத்துவிடாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்தால் கீறல் எழுத்து தெரியும்.

கேட்டவர்: நன்றி. அப்படியே பார்த்தேன், ஓரத்தில் ‘காவல் மானியம்’ என்று இருக்கிறது. திங்களன்று எழும்பூருக்குப் புறப்படுகிறேன்.