முன் சக்கரம் தூக்கிய காரை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இண்டியானாபோலிஸிலிருந்து

நானே ஆரம்பிக்கிறேன். இங்கே செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். அதையொட்டிய வார இறுதியில் பிரவுன்ஸ்பர்க் பக்கம் யூ.எஸ். நேஷனல்ஸ் டிராக் ரேஸ் நடக்கும், அதாவது இரண்டிரண்டு வண்டிகளாக நேர்கோட்டில் சீறிப் போகும் பந்தயம். 1961இலிருந்து இதே ஓடுபாதைதான். ஏழு வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் போனதில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனார். மேலே போய் உட்கார வேண்டாம், கிளம்புகிற கோட்டுக்கு நேராக வேலியோரம் நிற்கலாம் என்றார். அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் பார்த்தது 1968ஆம் வருடத்து டாட்ஜ் டார்ட்டும் பிளிமத் பாரகுடாவும். கிரைஸ்லர் நிறுவனம் அந்த வருடம் பந்தயத்துக்கென்றே 426 கன அங்குல ஹெமி என்ஜினை வைத்துக் கட்டிக் கொடுத்த வண்டிகள். கிட்டத்தட்ட 7 லிட்டர் என்ஜின், எரி அறை அரைக்கோள வடிவம் என்பதால் ஹெமி என்று பெயர். அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடுகின்றன. 402 மீட்டர் தூரத்தை ஒன்பது நொடிக்குள் முடித்துவிடுகின்றன.

முதலில் தண்ணீரில் பின் டயரை நனைத்து, அங்கேயே சுற்றவிட்டுப் புகை கிளப்பிச் சூடாக்குகிறார்கள். அப்புறம் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வருவார்கள். கிளம்புகிற கோட்டில் இருக்கும் ஒளிக்கற்றையை முன் சக்கரம் மறைத்ததும் விளக்குக் கம்பத்தில் சின்ன விளக்கு எரியும். என்ஜின் சத்தம் ஏறும். காதில் அடைப்பான் இருந்தும் எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை.

பின் டயரின் பக்கச்சுவர் ஈர வேட்டியைப் பிழிந்ததுபோல் சுருங்கி முறுக்கிக்கொண்டது. உடனே டிரைவர் பக்கத்து முன் சக்கரம் எழுந்தது, பின்னாலேயே மற்றதும். ஆயில் பேன் (என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி), எக்ஸாஸ்ட் குழாய் என்று வண்டியின் அடிவயிறே தெரிந்தது. ஆனால் என் கண் அந்த முன் சக்கரத்தைவிட்டு நகரவில்லை. கார் சீறிக்கொண்டு போகிறது, காற்றில் தொங்கும் சக்கரம் மட்டும் தரையை விட்டபோது இருந்த வேகத்திலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மறுபடி தரையைத் தொட்டதும் கீச்சென்று ஒரு சத்தம், இரண்டு குட்டிப் புகைச் சுருள்.

ஏன் தூக்குகிறது என்று நண்பரிடம் கேட்டேன். டயர் தள்ளுவது தரையில், வண்டியின் எடை மையம் இருப்பதோ அரை மீட்டர் மேலே. கீழே தள்ளினால் மேலே இருப்பது பின்னால் சாயத்தானே செய்யும்? பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஓட்டுபவர் கிளட்சைப் படக்கென்று விட்டால் நமக்கு என்ன ஆகுமோ, அதுதான். எடை மையம் அரை மீட்டர் உயரத்திலும் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னாலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்கு முடுக்கம் வந்தால் முன் சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. நாம் தினமும் ஓட்டுகிற காரில் அதற்கு வெகு முன்பே டயர் வழுக்கிவிடும். இங்கே பள்ளக் கோடுகள் இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயர், அதிலும் காற்று குறைவு, தரையில் பிசின் மாதிரி ஒரு கலவை. காலையில் ரசிகர்களை ஓடுபாதையில் நடக்க விட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஷூவைத் தரையிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

டிரைவர் பக்கம் அதிகமாக எழுவதற்குக் காரணம் என்ஜினின் முறுக்கு விசை. அது சக்கரத்தைச் சுற்றும்போதே வண்டியின் உடலையும் எதிர்ப்பக்கமாகத் திருகப் பார்க்கிறது.

மிச்சிகனிலிருந்து

அண்ணா, நான் வேலிக்கு உள்ளே நின்ற ஆள். நண்பனின் பழைய மஸ்டாங் காரோடு மூன்று வருடமாகச் சுற்றுகிறேன். டயரில் காற்று பார்ப்பது, டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவது எல்லாம் என் வேலை.

முதல் வருடம் எங்கள் வண்டி ஒரு மீட்டர்கூடத் தூக்கும். கூட்டம் கத்தும், எங்களுக்கும் பெருமை. ஒரு நாள் சாயங்காலம், தரை நன்றாகப் பிடித்த நேரம், வழக்கத்தைவிட மேலே போய்விட்டது. ஓட்டிய நண்பனுக்கு முன் கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மொத்தமாக எடுத்துவிட்டான். அதைத்தான் செய்யக் கூடாது. தள்ளுகிற விசை நின்றதும் மூக்கைத் தாங்க எதுவும் இல்லை. பொத்தென்று விழுந்தது. ஆயில் பேன் நசுங்கிக் கிழிந்தது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் ஒரு பக்கம் வளைந்தது, ஓடுபாதையில் நீளமாக எண்ணெய்க் கோடு. அதைச் சுத்தம் செய்யும்வரை மற்ற எல்லோரும் வரிசையில் காத்திருந்தார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவன் ஹெல்மெட்டைக் கழற்றிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. காலை மெதுவாகத்தான் தளர்த்த வேண்டும், சக்கரம் தரையைத் தொடும்வரை வண்டி கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்றைக்கு உதவிக்கு வந்த ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு எழுந்தாலே வண்டியின் முழு எடையும் பின் டயருக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் பின் டயருக்குக் கொடுக்க எடை கிடையாது. மேலே ஏறுகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் என்ஜின் தன் சக்தியைத்தான் கொடுக்கிறது, முன்னால் போக அது உதவுவதில்லை.

குளிர்காலம் முழுக்க இதைச் சரிசெய்யத்தான் உட்கார்ந்தோம். முன் சஸ்பென்ஷன் ஓரளவுக்கு மேல் நீளாதபடி பட்டை கட்டினோம். வண்டி ரொம்ப எழாமல் தடுக்கப் பின்னால் சின்னச் சக்கரம் வைத்த வீலி பார் என்ற கம்பி போட்டோம். அதையும் பார்த்து வைக்க வேண்டும். பார் தரையில் பலமாக ஊன்றினால், பின் டயருக்குப் போக வேண்டிய எடையை அது வாங்கிக்கொள்ளும், டயர் வழுக்கும். இப்போது ஒரு சாண் உயரம்தான் எழுகிறது. முதல் 60 அடியை, அதாவது 18 மீட்டரை, 1.48 நொடியில் கடந்த வண்டி 1.41இல் கடக்கிறது. நேரம் அச்சிட்டுத் தரும் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்து இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இலினாயிலிருந்து

தம்பி சொல்வது பந்தயத்துக்குச் சரி. ஆனால் தூக்குவதையே ஒரு கலையாகச் செய்பவர்களும் உண்டு. இங்கே பைரன் ஓடுபாதையில் முன் சக்கரம் தூக்குவதற்கென்றே போட்டி வைக்கிறார்கள், குடும்பத்தோடு போயிருக்கிறேன்.

இதெல்லாம் 1960களின் நடுவில் தொடங்கியது. டாட்ஜ் ஏ100 என்ற சின்ன பிக்கப் வண்டியில் ஹெமி என்ஜினை இருக்கைக்குப் பின்னால் வைத்தார்கள். வேகமாக ஓடும் என்று நினைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பில் கோல்டன் ஓட்டிய 'லிட்டில் ரெட் வேகன்' அதுதான். அதே காலத்தில் ஹர்ஸ்ட் நிறுவனம் பாரகுடாவின் பின் கண்ணாடிக்கு அடியில் ஹெமியை வைத்து 'ஹெமி அண்டர் கிளாஸ்' என்று பெயரிட்டது. இந்த மாதிரி வண்டிகள் பின் சக்கரத்தில் நின்றபடியே ஓடுபாதை நெடுகப் போகும். முன் சக்கரம் காற்றில் இருந்தால் ஸ்டீயரிங்கால் பயனில்லை, அதனால் இடது பின் சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனி பிரேக் பிடித்துத் திருப்புவார்கள். வழி பார்க்க வண்டியின் அடித்தட்டிலேயே கண்ணாடி ஜன்னல் பதித்தவர்களும் உண்டு. எனக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை.

சென்னையிலிருந்து

கார் பார்த்ததில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பைக் டிராக் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லோரும் தூக்காமல் இருக்கத்தான் பாடுபடுகிறார்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டுகிறார்கள், முன் ஃபோர்க்கைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். ஓட்டுபவர் டேங்க்மேல் படுத்தே கிளம்புகிறார். ஏன் என்று இவ்வளவு நாள் புரியாமல் இருந்தது, மிச்சிகன் அண்ணன் எழுதிய தாள் கணக்கைப் படித்ததும் புரிந்துவிட்டது.

மறுபடி இண்டியானாபோலிஸிலிருந்து

இதைப் படித்ததும் அன்று எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஜோடியில் இடது பக்க டார்ட் என் இடுப்பளவு எழுந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறேன், என் குரல் கேட்கிறது. வலது பக்க பாரகுடாவின் முன் டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை அகலம் வெளிச்சம், அவ்வளவுதான். டார்ட்டின் சக்கரம் கீழே இறங்கும்போது பாரகுடா ஒரு வண்டி நீளம் முன்னால் போய்விட்டது. அன்றைக்கு நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தச் செப்டம்பரிலும் போகிறேன். யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், வேலியோரம் சேர்ந்து நிற்போம். குழந்தைகளைக் கூட்டிவந்தால் காதை முழுக்க மூடும் காதுமூடி கட்டாயம் வேண்டும், பஞ்சு போதாது.