பாஸ்போர்ட்டுக்கு இரண்டு மணி நேரம், அதற்கு முன்னால் இரண்டு மாதம்

செந்தூல்வாசி

தலைப்பைப் பார்த்துவிட்டு, மலேசியக் குடிநுழைவுத் துறையைத் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூர் புடு சென்ட்ரலில் யூ.டி.சி. என்ற அரசுச் சேவை மையத்தில் காலை ஒன்பதே முக்காலுக்கு நம்பர் எடுத்தோம். பன்னிரண்டு மணிக்குள் சிவப்புப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. புடுராயா பஸ் நிலையமாக இருந்த காலத்தில், எந்த ஊர் போகிறாய் என்று கேட்டுக் கையைப் பிடித்து இழுப்பார்களே, அதே கட்டடம்தான். இப்போது யாரும் இழுக்கவில்லை. எல்லாம் குளிர்சாதனம், நாற்காலி, நம்பர் கூப்பிடும் குரல்.

விஷயம் அதற்கு முந்தின இரண்டு மாதம்.

அம்மாவைத் திருச்சிக்கும் பழனிக்கும் அழைத்துப் போகலாம் என்று வீட்டில் முடிவானது. அம்மாவுக்கு 66 வயது. பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. இதுவரை தாண்டிய பெரிய எல்லை என்றால் பினாங்குப் பாலம்தான். என்னுடையதில் நான்கு மாதம் பாக்கி இருந்தது. இந்தியாவுக்கு விசா எடுக்க ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்பதால் எனக்கும் புதிது. கணக்குப் போட்டோம். எனக்கும் மனைவிக்கும் தலைக்கு 200 வெள்ளி (ரிங்கிட்), பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் நூறு நூறு, அறுபது தாண்டிய அம்மாவுக்கு நூறு. ஆக 700 வெள்ளி. அதுவரை எல்லாம் சரி.

முதல் தடவை போனபோது அம்மாவின் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, மெஷின் படிக்கவில்லை. மைகார்ட் என்ற சில்லு வைத்த அட்டை வந்த புதிதில் எடுத்தது. அத்தனை வருஷமும் பர்சில் பத்துமலை விபூதிப் பொட்டலத்தோடு ஒட்டியே கிடந்தது. கவுண்டரில் இருந்த பெண் சில்லை அழிரப்பரால் தேய்த்து மூன்று தரம் செருகிப் பார்த்தார். பிறகு, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். அட்டையை மாற்றுவது ஒரு நாள் வேலை. அங்கேதான் எனக்கு அதிபுத்தி வந்தது.

அம்மாவின் ஐ.சி.யில் தாத்தா பெயர் ஒரு மாதிரி இருக்கும், சின்னம்மாவின் ஐ.சி.யில் வேறு மாதிரி. ஒரே அப்பாவுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். தோட்டத்தில் பிறந்தவர்கள் வீட்டில் இது புதிதில்லை. சொன்னவர் தமிழில் சொன்னார், கேட்டவர் காதில் விழுந்ததை எழுதினார். லட்சுமி என்ற பெயரை எல், இ, டி, சி, எச், யு, எம், ஒய் என்று எழுதும் நாடு உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். சின்னம்மாவும் கூட வருகிறார், அக்கா தங்கைக்கு அப்பா பெயர் வேறாக இருந்தால் விசாவில் கேள்வி வருமோ என்று நானே கற்பனை செய்துகொண்டு, திருத்த வேண்டும் என்று விண்ணப்பிக்கப் போனேன். பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அதைத் தேடி மாமா வீடு, பெரியம்மா வீடு, தகரப் பெட்டி என்று அலைந்ததில் ஐந்து வாரம் போயிற்று. கிடைத்த பத்திரத்தில் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல்!

விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் ஐ.சி.யைப் பார்த்துத்தான் பெயரை எடுக்கிறது. டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டைப் பார்க்கின்றன. தாத்தா எப்படி எழுதப்பட்டார் என்று அதற்கு மேல் யாரும் கேட்கவே இல்லை.

உங்களுக்கு எங்கே மாட்டியது? எழுதுங்கள்.

பட்டர்வொர்த் ஃபெர்ரி

எனக்குச் சட்டையில் மாட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பாஸ்போர்ட் ஆபிஸ். நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சட்டை. படத்துக்குப் பின்னணியும் வெள்ளை. அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலை மட்டும்தான் தெரியும், பரவாயில்லையா என்றார். அடர்நிறச் சட்டை போட்டு வர வேண்டும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. கீழே வண்டியில் மனைவியின் கறுப்புக் குளிர்ச்சட்டை கிடந்தது. அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் பெண்கள் பொத்தான் வைத்த சட்டையில்தான் இருப்பேன்.

பால்மரத்துப் பேத்தி, ஆயர் ஈத்தாம்

செந்தூல் அண்ணன் அம்மாவுக்கு சில்லு, எங்கள் பாட்டிக்கு விரல்.

பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு வயதில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் போனவர். நாற்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. விடியற்காலையில் கத்தியோடு நிரைக்குப் போவது, கோப்பைப் பாலை வாளியில் சேர்ப்பது, உறைய வைக்க ஆசிட் ஊற்றுவது, உறைந்ததை மெஷினில் அழுத்துவது. அந்தக் கையில் ரேகை எங்கே இருக்கும்? தொட்டால் மரப்பட்டை மாதிரி இருக்கும்.

மைகார்ட் சில்லில் இரண்டு பெருவிரல் ரேகையும் பதிந்திருக்கும். கவுண்டரில் விரலை வைத்தால் அதோடு பொருந்த வேண்டும். வலது வைத்தார், வரவில்லை. இடது, வரவில்லை. ஈரக் கைக்குட்டையால் துடைத்து, கொஞ்சம் கிரீம் தடவி, தேய்த்து, மறுபடி வலது. சிவப்பு விளக்குதான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாட்டி, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது தாங்கவில்லை.

அந்த அதிகாரி சின்னப் பெண், மலாய்க்காரர். பாட்டியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நேனே டூலு கெர்ஜா அப்பா?” என்று கேட்டார். பாட்டி, முன்னே என்ன வேலை செய்தீர்கள் என்று அர்த்தம். மலாயில் ‘அப்பா’ என்றால் ‘என்ன’. பாட்டி மலாய் நன்றாகவே பேசுவார். ஆனால் பதற்றத்தில் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. “அப்பாவா? அவரும் பால்மரம்தான் தாயி,” என்றார் தமிழில். நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “போத்தோங் கெத்தா”, பால்மரம் வெட்டியவர் என்று தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் எழுந்து வந்து பாட்டியின் முகத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், கூட ஆள் இல்லாமல் அனுப்பாதீர்கள். முந்தின இரவு விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான், எண்ணெயைக் காலையில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

கோப்பி ஓ கோசோங்

இரண்டு மணி நேரத்தில் வாங்கினேன் என்று நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் படித்தால் வயிறு எரிகிறது. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை திறந்த பிறகு நான் போனேன். கோவிட் இரண்டு வருஷத்தில் காலாவதியான புத்தகங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் தூங்கி எழுந்தது போல இருந்தது. கோலாலம்பூரில் ஒரு கிளைக்கு விடியற்காலை நான்கு மணிக்குப் போனால், எனக்கு முன்னால் இருநூறு பேர். பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். இடம் பிடித்து விற்கிறவன் ஒருத்தன், நாசி லெமாக் விற்கிறவன் ஒருத்தன். முதல் நாள் நம்பர் தீர்ந்துவிட்டது, இரண்டாம் நாள் கிடைத்தது. நாசி லெமாக் நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது.

அதனால் அடுத்த தடவை ஆன்லைனில் புதுப்பிப்பது என்று இருக்கிறேன். தம்பி அப்படித்தான் செய்தான். மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் பணம் கட்டிவிட்டான். ஆனால் அவன் ஏற்றிய படம், காதோரம் நிழல் விழுகிறது என்று இரண்டு தரம் திரும்பி வந்தது. புத்தகத்தை வாங்க நேரில் போகத்தான் வேண்டும், பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போக வேண்டும். முதல் முறை எடுக்கிறவர்களுக்கும் தொலைத்தவர்களுக்கும் இந்த வழி கிடையாது. தொலைத்தவர்கள் முதலில் போலீஸில் புகார் எழுத வேண்டும், அப்புறம் கவுண்டரில் கதை சொல்ல வேண்டும்.

மஸ்ஜித் இந்தியா புதுக்கோட்டைக்காரன்

அண்ணே, நான் வேறு கட்சி. இந்தியப் பாஸ்போர்ட். இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருஷம். தூதரகம் வழியாகப் புதுப்பித்தேன். பத்து வருஷத்துக்குத் தருவார்கள், அது ஒன்றில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

உங்களுக்கு எழுத்துக்கூட்டல் பிரச்சினை என்றால் எங்களுக்குக் குடும்பப் பெயர். தமிழ்நாட்டில் நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து இன்ஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். ஏழு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை விடமாட்டோம் என்று துபாய்ப் பக்கம் அறிவித்ததும், மச்சானைப் பார்க்கப் போக இருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இந்தத் தடவை அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினேன். இப்போது வங்கியில் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

உங்கள் ஐ.சி.யில் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து நடுவில் ‘ஏ சாய்கோடு எல்’ போடுகிறார்களே, அது எங்களுக்கு முதலில் புரியவே இல்லை. அனாக் லெலாக்கி, மகன் என்று பிறகுதான் ஒரு அக்கா சொன்னார்.

புதுப் பாஸ்போர்ட் வந்தால் வேலை பாஸை அதற்கு மாற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். இன்னொன்று. என் முதல் முதலாளி, பத்திரமாக இருக்கட்டும் என்று என் பாஸ்போர்ட்டை அவர் மேசையில் பூட்டி வைத்திருந்தார். பெயர் வேண்டாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அப்படிப் பிடித்து வைப்பது 1966-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி இந்த நாட்டில் குற்றம் என்று எனக்கு நான்கு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பிறை அத்தை

எல்லோரும் சிரித்துக்கொண்டு எழுதுகிறீர்கள். நானும் படித்துச் சிரித்தேன். எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம் வேறு.

அண்ணன் கட்டியது இந்தோனேசியாவில் மேடான் ஊர்த் தமிழ்ப் பெண்ணை. கோயிலில் தாலி கட்டி, நானூறு பேருக்குச் சாப்பாடு போட்டோம். பதிவு செய்யவில்லை. அண்ணியின் தாள்கள் மேடானிலிருந்து வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்களும் தாலிதானே பெரிது என்று இருந்துவிட்டோம். முஸ்லிம் அல்லாதவர்கள் கல்யாணத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982-இலிருந்து இருக்கிறது. பதிவதற்குள் பையன் பிறந்துவிட்டான். பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ என்று இருந்தது. குடியுரிமை இல்லாதவன். அப்பா இங்கே பிறந்தவர், பிள்ளையும் இங்கேதான் பிறந்தான். ஆனால் பிறந்த நாளில் பதிவுத் திருமணம் இல்லையென்றால், பிள்ளைக்கு அப்பா வழிக் குடியுரிமை சட்டப்படி வராது. பிறகு பதிந்தும் அது மாறவில்லை.

பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனார்கள். படிவத்தில் பாஸ்போர்ட் எண் கேட்ட இடத்தை இவன் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறான். டீச்சர் ஏன் என்று கேட்டதற்கு, பஸ்ஸில் வாந்தி வரும், நான் வரவில்லை என்று சொன்னானாம். பத்து மணி நேரம் பஸ்ஸில் கோத்தா பாருவுக்குப் போய் வந்தவன் அவன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில், பிள்ளையின் குடியுரிமைக்காக விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் வழிகாட்டினார். போட்டிருக்கிறோம். ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. இந்தோனேசியாவில் பதிந்துவிடுங்கள், சீக்கிரம் முடியும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

கல்யாணம் வைத்திருக்கிறவர்கள், மண்டபத்துக்குத் தேதி வாங்குவதற்கு முன்னால் பதிவுக்குத் தேதி வாங்குங்கள்.

செந்தூல்வாசி

அத்தை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலும் இதே கதை, அவர்களுக்கு ஏழாவது வருஷம் கடிதம் வந்தது. அவர்கள் யாரைப் பார்த்தார்கள் என்று கேட்டு உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

பால்மரத்துப் பேத்தி, தேங்காய் எண்ணெய் யோசனையை அம்மாவிடம் சொன்னேன். முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார்.

இன்று காலையில் அம்மாவின் புதுப் பாஸ்போர்ட்டைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினோம். பர்சில் இருந்தது. விபூதிப் பொட்டலத்தோடு. அம்மா, அதிலும் சில்லு இருக்கிறது, 1998-இலிருந்து நம் பாஸ்போர்ட்டில் சில்லு உண்டு என்று விளக்கினேன். “பழனிக்குத்தானே போகுது, இருந்தா என்ன?” என்று திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.