ஸ்கிரீனிங்: ‘சலித்தறிதல்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கையேடு ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்து, ஸ்கிரீனிங் என்ற சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். ‘பரிசோதனை’ என்று போட்டுவிட்டுப் போகலாமே என்று இங்கே ஒருவர் சொன்னார், ஆனால் பரிசோதனை என்றாலே நமக்கு ‘என்ன நோய்?’ என்ற கேள்விதான் வரும். இதுவோ ஒரு தொந்தரவும் இல்லாத முப்பது வயது தாண்டிய பெண்களை எல்லாம் கூப்பிட்டு, யாரை மறுபடி பார்க்க வேண்டும் என்று பிரிப்பது. அந்த ‘மறுபடி’தான் சொல்லில் வர வேண்டும்.

ஏனென்றால் இந்தப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் (எச்பிவி) வந்த பெரும்பாலோருக்கு அது ஓரிரு ஆண்டில் தானாகவே போய்விடும். 200க்கு மேற்பட்ட வகைகளில் 16, 18 என்ற இரண்டு மட்டும் கருப்பைவாய்ப் புற்றில் 70 சதவீதத்துக்குக் காரணம், அவையும் உடம்பில் தங்கிவிட்டால்தான் ஆபத்து, அப்போதும் புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து இருபது வருடம் ஆகும். 6, 11 வகைகள் மருவோடு சரி.

அதனால் ‘சலித்தறிதல்’. சல்லடையில் நின்றதெல்லாம் கல் இல்லை, கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வெறும் ‘சலிப்பு’ என்றால் அலுப்பாகிவிடும், ‘புடைத்தல்’ என்றால் கட்டி வீங்கியதாக நினைப்பார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வு நினைவிருக்கிறதா, 2007இல் லான்செட்டில் வந்ததே? செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, எங்காவது வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்நோயால் வந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது. வெளுத்த இடமெல்லாம் புற்று இல்லை, உள்ளே வேறு கருவியால் பார்த்து, சதை எடுத்துச் சோதித்துத்தான் முடிவு சொன்னார்கள். சலிப்பது வேறு, முடிவு சொல்வது வேறு.

இன்னொன்று. 16, 18ஐத் ‘திரிபு’ (வேரியன்ட்) என்று எழுதாதீர்கள், கொரோனாவில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான எல்1 மரபணுவில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால்தான் இங்கே தனி ‘வகை’, திரிபு அதற்குள்ளே வருவது. ‘ஹை-ரிஸ்க்’ என்பதற்குப் ‘பேரிடர் வகை’யும் வேண்டாம், படிப்பவருக்குப் புயல், வெள்ளம்தான் ஞாபகம் வரும். ‘புற்றாக்கும் வகை’ என்று நேராகவே சொல்லிவிடலாம்.

சோதனை முடிவில் வரும் ‘பாசிட்டிவ்’ என்பதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘நேர்மறை’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் நல்ல செய்தி என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். ‘வைரஸ் உண்டு, மறுபடி பார்க்க வேண்டும்’ என்று முழு வாக்கியமாகவே போடட்டுமா?